பழைய நாலாம் ஜெனரேஷன் கொம்பியூட்டருக்கு 65 ஆயிரத்துக்குள்ள என்ன கிராபிக்ஸ் கார்ட் போடலாம்? திருகோணமலைப் பக்கம் ஆக்கள் சொல்லுங்கோ

திருக்கடலூர்_பெடியன்:

எல்லாருக்கும் வணக்கம். கனநாளா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், இப்பதான் முதல் தரம் நானா ஒரு இழை துவங்குறன். என்ட கொம்பியூட்டர் 2015ல அப்பா வாங்கித் தந்தது, வள்ளத்துக்கு எஞ்சின் மாத்த வச்சிருந்த காசை எடுத்து வாங்கினவர், அதால இதைக் கழிச்சுப்போட எனக்கு மனமே வருகுதில்ல. புரொசசர் இன்டெல் ஐ5 4460, மதர்போர்ட் எச்81, 8 ஜிபி ரேம் ஒரே ஒரு ஸ்டிக், கிராபிக்ஸ் கார்ட் ஜிடிஎக்ஸ் 750 டிஐ 2 ஜிபி, மொனிட்டர் 1080பி 60 ஹேர்ட்ஸ். விண்டோஸ் 10.

ஜிடிஏ 5 கேம் ஓடுது, ஆனா டவுனுக்குள்ள கார்ல வேகமாப் போனா ரோட்டே பிந்தித்தான் வருது. சிஎஸ் 2 எண்ட சுடுற கேம்ல புகை போட்டா செக்கனுக்கு 30 ஃபிரேமுக்குக் கீழ விழுகுது. தம்பியும் இப்ப வீடியோ எடிட் பண்ணப் பழகுறான். சம்பளத்தில கொஞ்சம் கொஞ்சமா எடுத்து 65 ஆயிரம் சேத்திருக்கிறன், அதுக்கு மேல ஒரு சதமும் ஏலாது. இந்தக் காசு முழுக்க ஒரு கார்ட்டில போடுறதா, இல்லாட்டி வேற ஏதும் பாக்கோணுமா? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பாலையூற்று77:

ஆர்எக்ஸ் 6600 எடு மச்சான், வேற யோசிக்காத. 8 ஜிபி மெமரி, 132 வோட்தான் எடுக்கும், 1080பில எல்லா கேமும் ஓடும். 65க்குள்ள பாவிச்சது தேடினா அம்பிடும். நான் ஒண்டரை வருசமாப் பாவிக்கிறன், ஒரு குறையும் இல்ல.

உவர்மலை_அண்ணை:

தம்பி, கார்ட்டைப் பத்திப் பிறகு கதைப்பம். முதல்ல கேசிங்கைத் திறந்து பவர் சப்ளையில ஒட்டியிருக்கிற லேபிளைப் பாத்து எழுதும். பெரிசா 500 வோட் எண்டு அடிச்சிருக்கும், அதை விடும். கீழ சின்ன எழுத்தில 12 வோல்ட்டுக்கு நேர எத்தினை அம்பியர் எண்டு கிடக்கும், அதுதான் வேணும். அதோட கார்ட்டுக்குப் பவர் குடுக்கிற 8 பின், இல்லாட்டி 6 பின் வயர் ஒண்டு சும்மா தொங்குதா எண்டும் பாரும். 750 டிஐக்கு 60 வோட் போதும், ஸ்லொட்டே 75 வோட் குடுக்கும், அதால இவ்வளவு காலமும் உம்மட பவர் சப்ளையை ஒருத்தரும் சோதிச்சிருக்க மாட்டினம்.

திருக்கடலூர்_பெடியன்:

அண்ணை, நேத்து ராத்திரி திறந்தனான். திறந்து ரெண்டு வருசத்துக்கு மேல இருக்கும், எனக்கே வெக்கமாப் போச்சு. எங்கட வீடு கடலுக்குக் கிட்ட, வாசல்ல நிண்டா அலை தெரியும். ஃபேன்ல இருந்த தூசி ஊதினாப் போற தூசி இல்ல, உப்புக் காத்தில நனைஞ்சு நனைஞ்சு களிமாதிரி ஒட்டிக்கிடக்கு, பல்லுத் தீட்டுற பிரஷாலதான் எடுத்தனான். கார்ட்டைக் கழட்டேக்க பின்பக்கத் தகரம் முழுக்க துருப் பிடிச்சு விரல்ல சிவப்பா ஒட்டிச்சு. ஸ்லொட்டுக்குள்ள போற தங்கக் கலர்ப் பல்லு வரிசையில ரெண்டு மூண்டு மங்கிப்போய்க் கிடந்திச்சு, அழிறப்பரால மெல்லத் தேச்சன், திரும்பப் பளிச்செண்டு வந்திட்டு.

லேபிள்: 500 வோட் எண்டு பெரிசா இருக்கு. 12 வோல்ட்டுக்கு நேர 17 அம்பியர். 8 பின் வயரும் இல்ல, 6 பின்னும் இல்ல. கையில தூக்கினா உள்ளுக்கு ஒண்டும் இல்லாத மாதிரி பாரமே இல்ல.

உவர்மலை_அண்ணை:

நான் நினைச்சது சரி. கணக்கைப் பாரும். 12ஐ 17ஆல பெருக்கினா 204 வோட். அதுவும் லேபிள் உண்மை பேசுது எண்டு வச்சுக்கொண்டால்தான். உம்மட புரொசசருக்கு 84, பாவிச்ச ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் ஒண்டு போட்டால் அதுக்கு 125, ரெண்டும் கூட்டினாலே 209. ஹார்ட் டிஸ்க், ஃபேன், போர்ட் ஒண்டையும் இன்னும் சேக்கேல்ல. கேம் ஓடேக்க டப்பெண்டு நிண்டு திரும்ப ஓன் ஆகும், ஆக்கள் கார்ட் பழுது எண்டு நினைச்சுக் கார்ட்டைத் திருப்பிக் குடுப்பினம்.

எனக்கு இது கதை கேட்டுத் தெரிஞ்சதில்ல. 2018ல நானும் இப்பிடித்தான் கேசிங்கோட வந்த பவர் சப்ளையில, ஹார்ட் டிஸ்க்குக்குப் போற சாட்டா பவர் வயரை 8 பின்னா மாத்துற ஒரு குட்டி வயரைப் போட்டு ஒரு கார்ட்டை ஓட்டினனான். சாட்டா முனை தாங்குறது 54 வோட்தான், 8 பின் கேக்கிறது 150 வரைக்கும். மூண்டாம் நாள் பின்னேரம் பிளாஸ்டிக் எரியிற மணம், பாத்தா அந்த முனை உருகி ஹார்ட் டிஸ்க் வயரோட ஒண்டாப் போச்சு. அந்த டிஸ்க்கில அக்காட கலியாணப் படங்கள் இருந்தது. கொழும்பு வரைக்கும் கொண்டுபோய்க் குடுத்தும் அரைவாசிதான் திரும்பி வந்திச்சு. அண்டையில இருந்து, ஆர் கார்ட் கேட்டாலும் நான் முதல்ல பவர் சப்ளையைத்தான் கேக்கிறது.

ரெண்டாவது விசயம், கனபேருக்குத் தெரியாது. உம்மட போர்ட் எச்81. நாலாம் ஜெனரேஷன் புரொசசருக்கு பிசிஐஇ 3.0 (கார்ட் குத்துற ஸ்லொட்டிட வேகத் தரம்) ஏலும், ஆனா எச்81 அதை 2.0ல பூட்டி வச்சிருக்கு. பி85, எச்87, இசட்87 எண்டால் 3.0 கிடைக்கும். 2.0ல ஒரு லேனுக்கு, அதாவது கார்ட்டுக்கு டேட்டா போற ஒரு பாதைக்கு, செக்கனுக்கு 500 எம்பி. 16 லேன் கார்ட்டுக்கு 8 ஜிபி வரும், போதும். ஆர்எக்ஸ் 6600க்கு 8 லேன்தான், அப்ப 4 ஜிபி. ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி ரெண்டுக்கும் 4 லேன்தான், அப்ப வெறும் 2 ஜிபி, அதுகளிட மெமரியும் அநேகமா 4 ஜிபிதான், அது நிறைஞ்ச உடன கேம் இழுக்கத் துவங்கும். மலிவு எண்டு அதுகளை மட்டும் இந்தப் போர்ட்டில போட்டுடாதேயும். 1660 சூப்பருக்கு 16 லேனும் இருக்கு, அதால இதே போர்ட்டில அது அவ்வளவு நட்டப்படாது.

பாலையூற்று77:

அண்ணை சொல்றது சரி, லேன் விசயம் நான் யோசிக்கேல்ல, என்ட போர்ட் பி450 அதால எனக்குத் தெரியேல்ல. எண்டாலும் 6600க்கு 4 ஜிபி வந்தாலும் அதுட மெமரி 8 ஜிபி, நிறைஞ்சு போக நேரம் எடுக்கும், அதால பெரிய அடி விழாது எண்டுதான் நினைக்கிறன். 1660 சூப்பர் 2019ல வந்தது, 6 ஜிபிதான், இப்ப வாற கேமுக்கு 6 இறுக்கம்.

இன்னொண்டும் கேக்கிறன். பதினோரு வருசப் போர்ட்டுக்கு ஏன் காசு கொட்டோணும்? இதை வித்துப்போட்டு இன்னும் கொஞ்சம் சேத்து ரைசன் 5 5600 புரொசசர் செட் ஒண்டுக்குப் போகலாமே.

உவர்மலை_அண்ணை:

தம்பி சொல்ற 6600 கெட்ட கார்ட் இல்ல. பெடியன்ட கையில 80 இருந்தா நானும் அதைத்தான் சொல்லியிருப்பன். 65ல பவர் சப்ளைக்குப் போனாப் பிறகு மிஞ்சுறது 50க்குள்ள, அதுக்குள்ள நல்ல நிலைமையில ஒரு 6600 எடுக்கிறது கஷ்டம், விலை குறைஞ்சது கிடைச்சா ஏன் குறைஞ்சது எண்டு யோசிக்கோணும்.

விக்கிற கதைக்கு என்ட பதில் இதுதான். எந்தச் சாமான் அடுத்த கொம்பியூட்டருக்கும் உம்மோட வருமோ அதுக்குக் காசைப் போடும், வராததுக்குக் கையைச் சுருக்கும். நல்ல பவர் சப்ளை ஏழு எட்டு வருசம் வரும். கார்ட்டும் வரும். டிடிஆர் 3 ரேம் வராது, எச்81 போர்ட் வராது, 1150 சொக்கெட் புரொசசர் வராது. அதால இப்ப பவர் சப்ளை புதுசா, கார்ட் பாவிச்சது. ரேம் பாவிச்ச 8 ஜிபி ஸ்டிக் இன்னொண்டு போடும், அது சில்லறைக் காசு, ஆனா ரெண்டு ஸ்டிக் ஆன உடன ரெண்டு சனல்ல, அதாவது ரெண்டு பாதையில ஒரே நேரம் ஓடும், வித்தியாசம் தெரியும். எச்81ல ரெண்டு ஸ்லொட்தான், 16தான் உச்சம். அடுத்த வருசமோ அதுக்கு அடுத்த வருசமோ போர்ட்டும் புரொசசரும் மாத்தேக்க இந்தக் கார்ட்டும் பவர் சப்ளையும் அப்பிடியே தூக்கிப் போடலாம்.

கிண்ணியா_ரைடர்:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். பாவிச்ச கார்ட் எண்டதால நானும் ஒண்டு சொல்றேன், நான் இதுவரைக்கும் நாலு கார்ட் வாங்கி வித்திருக்கேன். 2022 செப்டம்பர் 15ல எதீரியம் எண்ட டிஜிட்டல் காசு, மைனிங் (கார்ட்டை இரவு பகலா ஓட்டிக் காசு எடுக்கிறது) இல்லாத முறைக்கு மாறினதோட உலகம் முழுக்க மைனிங் கார்ட் சந்தைக்கு வந்திச்சு, அதுல கனக்க நம்ம பக்கமும் வந்து சேந்திருக்கு. மைனிங் கார்ட் எண்டா உடன வேணாம் எண்டு ஓடத் தேவையில்ல, ஆனா பாத்து எடுக்கணும்.

ஆர்எக்ஸ் 580 எண்டு விளம்பரம் பாத்தா முதல்ல கேளுங்க, 2304ஆ 2048ஆ எண்டு. உண்மையான 580ல 2304 ஷேடர் (கணக்குப் போடுற சின்னச் சின்னப் பகுதி) இருக்கும். 2048எஸ்பி எண்டு ஒண்டு இருக்கு, பேர்தான் 580, உள்ளுக்கு 570 மாதிரி. ஜிபியு-இசட் எண்ட, கார்ட் விபரம் காட்டுற சொஃப்ட்வெயார் போட்டுப் பாத்தா ஷேடர் எண்ட வரியில நம்பர் தெரியும். 1660 சூப்பர் எண்டா 1408, மெமரி ஜிடிடிஆர் 6, 192 பிட். சும்மா 1660க்கும் 1408தான், ஆனா மெமரி ஜிடிடிஆர் 5, அதை சூப்பர் எண்டு விக்கிறவங்களும் இருக்காங்க. பழைய கார்ட்டுக்குள்ள இருக்கிற பயோஸ் புரோகிராமை மாத்தி 1050 டிஐ எண்டு காட்டுற போலிகளும் சுத்துது, அப்பிடி எண்டா ஜிபியு-இசட்லயே பேருக்கு முன்னால ஃபேக் எண்டு காட்டும்.

வாங்கப் போனா விக்கிறவர் வீட்டிலயே அவர்ட மெஷின்ல போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. கார்ட்டை முழுசாச் சூடேத்திச் சோதிக்கிற ஃபர்மார்க் ஒரு 15 நிமிசம், பிறகு ஒரு கேம் ஒரு 20 நிமிசம். ஃபர்மார்க்ல பிரச்சினை காட்டாத கார்ட்டும் சிலநேரம் கேம்ல பிரச்சினை காட்டும், அதால ரெண்டும் வேணும். கண்ணால பாக்க: பின்பக்கம் ஸ்குரூத் தலை தேஞ்சிருக்கா, போர்ட் விளிம்பில எண்ணை மாதிரி ஏதும் கசிஞ்சிருக்கா. அந்த எண்ணை தேர்மல் பேட்ல (சூட்டைக் கடத்துற மெத்தைத் துண்டு) இருந்து வாறது, அநேகமா கனகாலம் மெமரி சூடேறி ஓடியிருக்கு எண்டு அர்த்தம். ஃபேனைக் கையால சுத்திப் பாருங்க, கரகரப்பு இருக்கக் கூடாது. காசை முதல்ல அனுப்பச் சொன்னா அந்த இடத்திலயே விட்டுடுங்க.

சாம்பல்தீவு_மல்லிகை:

இடையில கேக்கிறதுக்கு மன்னிக்கோணும். எனக்கும் இதே பிரச்சினைதான். என்னட்ட இருக்கிறது ஒரு ஒபிசில இருந்து கழிச்ச டெல் ஒப்டிபிளெக்ஸ் 7020, ஐ5 நாலாம் ஜெனரேஷன், கிராபிக்ஸ் கார்டே இல்ல. நான் பிளெண்டர் எண்ட 3டி சொஃப்ட்வெயார் படிக்கிறன், வீட்டில இருந்தே ஒன்லைன்ல. மொனிட்டர் பழசு, நீலக் கலர் முனையோட வாற விஜிஏ மட்டும்தான் இருக்கு. 10 ஆயிரத்துக்குள்ள ஏதும் ஏலுமா அண்ணை?

உவர்மலை_அண்ணை:

ஏன் தங்கச்சி மன்னிப்பு, கேக்கிறதுக்குத்தானே இழை. ஒப்டிபிளெக்ஸ் 7020ல ரெண்டு சாதி இருக்கு. உயரமான டவர் எண்டால் 290 வோட் பவர் சப்ளை, சாதாரண உயரக் கார்ட் போடலாம். மெலிஞ்ச பெட்டி எண்டால் 255 வோட், கட்டைக் கார்ட் மட்டும்தான் உள்ளுக்குப் போகும். பவர் சப்ளையை மாத்துறதும் லேசில்ல, சாதாரண 24 பின் இல்ல அதில, 8 பின்னால போர்ட்டுக்குப் போகுது. அதால தனி வயர் கேக்காத கார்ட்தான் உங்களுக்குச் சரி.

விஜிஏ விசயம் முக்கியம். இப்பத்தைய கார்ட்டுகளில விஜிஏக்கு வேண்டிய அனலொக் சிக்னல் வெளிய வாறதே இல்ல, என்விடியாவில 10 சீரிஸோட அது போச்சு. 1050 டிஐக்கு டிவிஐ ஓட்டை இருக்கும், அதில விஜிஏ தலையை வச்சுக் குத்தினாலும் வேலை செய்யாது, எச்டிஎம்ஐல இருந்து மாத்துற, உள்ளுக்குச் சிப் உள்ள கொன்வேர்ட்டர் வேணும். 750 டிஐ மாதிரிப் பழசுகளில அநேகமா விஜிஏ ஓட்டையோ, அனலொக் வாற டிவிஐயோ இருக்கும், அதில உங்கட மொனிட்டர் நேர போகும். முதல்ல உங்கட பெட்டி டவரா மெலிஞ்சதா எண்டு அடிமட்டத்தால அளந்து சொல்லுங்கோ.

நிலாவெளிக்_காத்து:

உப்புக் காத்துப் பத்தி நானும் சொல்லோணும், நான் ஒரு ஹோட்டல்ல ஐடி வேலை பாக்கிறன், கடற்கரையில இருந்து 100 மீட்டர்கூட இல்ல. கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில அறைக்குள்ளயே 33, 34 பாகை, அதுக்குள்ள கார்ட் 83ல போய் நிக்குது. கேசிங்கை யன்னலுக்கு நேர வைக்காதேங்கோ. நிலத்திலயும் வைக்காதேங்கோ, ஒரு பலகைக்கு மேல வையுங்கோ. மாசத்தில ஒருக்காப் பிரஷ் அடிச்சு, ஆறு மாசத்துக்கு ஒருக்கா உள்ளுக்கு ஐசோப்ரொபைல் அல்ககோல் போட்டுத் துடையுங்கோ. கனநாள் பாவிக்காம மூடி வச்சாலும் துரு வரும், ஓடுற மெஷின் சூட்டில ஈரம் காயும், நிறுத்தி வச்சதுலதான் பச்சை பிடிக்கும். எங்கட இடத்தில சீசன் முடிஞ்சு மூடி வச்ச மெஷின் மூண்டு அப்பிடித்தான் போச்சுது.

திருக்கடலூர்_பெடியன்:

ரெண்டு கிழமையா எழுதேல்ல, வேலை. சொன்ன எல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுதி வச்சுக்கொண்டுதான் போனனான்.

பவர் சப்ளை புதுசு, 550 வோட், பிரோன்ஸ் தரம், 12 வோல்ட்டுக்கு 40 அம்பியருக்கு மேல, 16 ஆயிரம். கையில வாங்கேக்கயே பாரம் தெரிஞ்சுது. கார்ட் அன்புவழிபுரத்தில ஒரு அண்ணாட்ட, 1660 சூப்பர், 38 ஆயிரம். அதுக்கு முதல் ஒண்டு பாத்தனான், 4 ஆயிரம் குறைய, ஆனா ஜிபியு-இசட்ல ஜிடிடிஆர் 5 எண்டு காட்டிச்சு, கிண்ணியா நானா சொல்லாட்டி அதைத்தான் வாங்கியிருப்பன், உண்மையா நன்றி நானா. அன்புவழிபுரம் அண்ணா நல்ல மனிசன், ஃபர்மார்க், கேம் ரெண்டையும் ஓட்ட விட்டவர், 74 பாகைக்கு மேல போகேல்ல, தேத்தண்ணியும் தந்தவர்.

போடேக்க ஒரு பிரச்சினை வந்திச்சு. கார்ட் 23 சென்ரிமீட்டர், ஹார்ட் டிஸ்க் கூண்டில மட்டுமட்டா இடிக்குது, கூண்டை ஒரு தட்டு மேல ஏத்திப் பூட்டினன். போர்ட்டில உள்ள சாட்டா ஓட்டை ரெண்டும் கார்ட்டுக்குக் கீழ மறைஞ்சு போச்சு, தலை வளைஞ்ச வயர் வாங்கித்தான் கொழுவினன். முதல் தரம் ஓன் பண்ண கறுப்பாக் கிடந்திச்சு, நெஞ்சு அப்பிடியே நிண்டு போச்சு, பாத்தா எச்டிஎம்ஐ வயரைப் போர்ட்டில குத்தியிருக்கிறன். கார்ட்டில மாத்திக் குத்த வந்திட்டு. பழைய டிரைவரை டிடியு எண்ட அழிக்கிற புரோகிராம் போட்டுக் கழட்டிப்போட்டுப் புதுசு போட்டன்.

ஜிடிஏ 5 இப்ப ஹையில 60க்குக் கீழ அநேகமா விழுகுதில்ல. ராத்திரி மழையில டவுனுக்குள்ள ஓட்டினன், ரோட்டில தண்ணியில லைட் தெரியிறதை இப்பதான் முதல் தரம் பாக்கிறன், தம்பியை எழுப்பிக் காட்டினனான். ஆனா சிஎஸ் 2ல இடைக்கிடை வெட்டி வெட்டிப் போகுது. பக்கத்தில நம்பர் போட்டுப் பாத்தன், புரொசசர் 100 வீதம் ஓடுது, கார்ட் 55 வீதம்தான். இது ஏன் அண்ணை?

உவர்மலை_அண்ணை:

நல்லாச் செய்திருக்கிறீர் தம்பி, வாசிக்கவே சந்தோசமா இருக்கு. வெட்டுறது உம்மட ஐ5. நாலு கோர், நாலு திரெட் (ஒரே நேரம் நாலு வேலைதான் பாக்கும்), சிஎஸ் 2 புரொசசரைத்தான் கூடக் கேக்கிற கேம். கார்ட் 55ல நிண்டு சாமான் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிக்குது. அந்தச் சொக்கெட்டிலயே ஐ7 4790 போகும், அதுக்கும் 84 வோட்தான், எட்டு திரெட். உம்மட 4460யும் 4790யும் ஒரே நேரம் 2014ல வந்ததுகள், அதால பயோஸ் பிரச்சினை அநேகமா வராது, எண்டாலும் போர்ட் கொம்பனிட சைட்டில புரொசசர் பட்டியலை ஒருக்காப் பாரும்.

பாலையூற்று77:

அண்ணை, நீங்கதானே சொன்னீங்கள் அடுத்த மெஷினுக்கு வராத சாமானுக்குக் காசு போடாதே எண்டு?

உவர்மலை_அண்ணை:

சொன்னனான், இப்பவும் சொல்றன். அதால ஐ7 இப்ப வேணாம். அவர்ட்ட மிஞ்சின காசு 11 ஆயிரம். அதில முதல்ல அந்த ரேம் ஸ்டிக்கைப் போடட்டும், 8 ஜிபி நிறைஞ்சாலும் இதே மாதிரித்தான் வெட்டும். அதோட சிஎஸ் 2ல 60க்குப் பூட்டி விடும் தம்பி, மொனிட்டர் 60 தானே, புரொசசருக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும். அதுக்குப் பிறகும் வெட்டினால் பாப்பம். அதோட விண்டோஸ் 10க்கு வழமையான அப்டேட் 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சுது, இந்தப் போர்ட் 11க்கு முறைப்படி ஏலாது, அதால போர்ட் மாத்துற நாள் கனதூரத்தில இல்ல. அதுக்குச் சேரும்.

திருக்கடலூர்_பெடியன்:

ரேம் பாவிச்சது 3 ஆயிரத்துக்கு எடுத்தன், அதே வேகம் 1600. 60க்குப் பூட்டினன். வெட்டு முழுக்கப் போகேல்ல, ஆனா புகைக்குள்ள போனாலும் 50க்கு மேல நிக்குது. எனக்கு இது காணும் அண்ணை. மிச்சம் 8 ஆயிரம் தனியா எடுத்து வச்சிருக்கிறன், போர்ட்டுக்கு எண்டு உறையில எழுதியும் வச்சிட்டன்.

மல்லிகை அக்கா, நீங்க அளந்தனீங்களா? என்ட 750 டிஐ இப்ப சும்மா கிடக்கு. பாத்தன், அதில விஜிஏ ஓட்டையும் இருக்கு, தனி வயரும் வேணாம். துருவைத் தேச்சு எடுத்து, புதுப் பேஸ்ட் போட்டு, ஃபேனுக்குச் சொட்டு எண்ணையும் விட்டு வச்சிருக்கிறன். காசு வேணாம்.

சாம்பல்தீவு_மல்லிகை:

அளந்தனான் தம்பி, உயரம் 36 சென்ரிமீட்டர், டவர்தான். சும்மா வாங்க எனக்கு மனம் வராது, என்ன எண்டாலும் எடுக்கோணும் நீங்க. 2 ஜிபி பிளெண்டருக்குப் போதுமா அண்ணை?

உவர்மலை_அண்ணை:

மொடல் செய்து பழக, திருப்பித் திருப்பிப் பாக்க, இப்ப உள்ளதை விட நல்லாவே ஓடும். பெரிய சீன் ரெண்டர் பண்ணேக்க 2 ஜிபி காணாது, அதைப் புரொசசரில விட்டுட்டு ராத்திரி படுங்கோ. பழைய பிளெண்டர் பதிப்பு ஒண்டையும் வச்சிருங்கோ, புதுப் பதிப்புகள் பழைய கார்ட்டுகளை ஒவ்வொண்டாக் கைவிடுது. என்விடியாவும் இந்தக் கார்ட்டுக்கு கேம் டிரைவரை 2025 ஒக்டோபரோட நிப்பாட்டிச்சு, பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 ஒக்டோபர் வரைக்கும் வரும்.

திருக்கடலூர்_பெடியன்:

அப்ப சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு பஸ் ஸ்டாண்டடிக்குக் கொண்டு வாறன் அக்கா. பழைய பேப்பர்ல இல்ல, புதுக் கார்ட் வந்த பையிலயே சுத்திக் கொண்டு வாறன். காசு கட்டாயம் எண்டால் உங்கட முதல் ரெண்டர்ல அப்பாட வள்ளத்தைச் செய்து தாங்கோ, படம் அனுப்புறன். நீலம், கரையில ஒரு சிவப்புக் கோடு.

சாம்பல்தீவு_மல்லிகை:

அனுப்புங்கோ தம்பி. பக்கவாட்டில ஒண்டு, முன்னால இருந்து ஒண்டு, நேர் வெளிச்சத்தில எடுங்கோ.